கழிவு வெளியேற வழி விடுங்கள்: காலை முதல் இரவு வரை ஒரு வழிகாட்டி

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். விடியும் முன்பே ஆச்சி எழுப்பிவிடுவார். ஒரு கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம், மறு கையில் கருப்பட்டிக் காப்பி. பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் வரிசையில் நிற்கவேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை விழுங்கி, அதன் மேல் காப்பியை ஊற்றினால் பாதி வாயிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு பகல் முழுக்கத் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடைதான். கண்கள் குழிவிழுந்து நாங்கள் சுருண்டு படுத்ததும், மோர்ச்சோறு கொடுத்து நிறுத்துவார். வயிறு சுத்தமாகிவிட்டது, இனி ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்பது அவர் கணக்கு.

ஆச்சியைக் குறை சொல்ல மனமில்லை. வெறுங்காலோடு அலைந்த பிள்ளைகளின் வயிற்றில் புழு இருந்த காலம் அது. இன்று அந்த வேலையை ஓர் அல்பெண்டசோல் மாத்திரை பேதியில்லாமல் முடித்துவிடுகிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். விளக்கெண்ணெயோ குடலைச் சீண்டி வேகமாகத் தள்ளவைக்கும் மருந்து. அன்று எங்களிடமிருந்து போனவற்றில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான்.

ஆச்சியின் கிண்ணம் போய்விட்டது. அதன் இடத்தில் கண்ணாடிக் குப்பி வந்திருக்கிறது. பச்சைச் சாறு, ஏழு நாள் டீடாக்ஸ் என்னும் நஞ்சு நீக்கம், காலில் ஒட்டினால் காலையில் கறுத்துப்போகும் பட்டை. 2009-ல் பிரிட்டனில் இளம் விஞ்ஞானிகள் சிலர் இப்படிப்பட்ட 15 பொருட்களை எடுத்துக்கொண்டு, எந்த நஞ்சை இது நீக்குகிறது என்று தயாரித்தவர்களையே கேட்டார்கள். ஒருவராலும் பெயர் சொல்ல முடியவில்லை.

உடம்பில் இந்த வேலைக்கு நிரந்தர ஆட்கள் இருக்கிறார்கள். கைப்பிடி அளவே உள்ள இரண்டு சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகின்றன. ஒன்றரைக் கிலோ எடைக்குள் இருக்கும் கல்லீரல், புரதம் சிதைவதால் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. மாத்திரையையும் மதுவையும் உடைத்து வெளியேறத் தக்கதாக்குகிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. மிச்சம் குடலின் பொறுப்பு. இவர்களுக்குப் புதிய துடைப்பம் வாங்கித் தரவேண்டியதில்லை. வாசலை மறிக்காமல், தேவையில்லாத சுமையை ஏற்றாமல் இருந்தால் போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டு காரியத்துக்குத்தான்.

முதல் படி: காலைக்கடனுக்கு நேரம் ஒதுக்குங்கள்

இதற்குக் 'கடன்' என்று பெயர் வைத்தவர் விவரம் தெரிந்தவர். தள்ளிப்போட்டால் வட்டியோடு வரும்.

காலையில் எழுந்ததும் பெருங்குடல் தானாகவே சுறுசுறுப்பாகும். வயிற்றில் ஏதாவது விழுந்தால், அது வெந்நீரோ காப்பியோ இட்லியோ, குடலுக்குத் தகவல் போய் அது அசையத் தொடங்கும். அந்த உந்துதல் சில நிமிடங்கள்தான் நிற்கும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அடக்கினால் மலம் உள்ளேயே தங்கும். பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் அது கல்லாகிவிடும். ஆகவே வழக்கமான நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாக எழுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள், வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடங்கள், பிறகு போய் உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அதே நேரத்தில் போங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிக்கொள்ளும்.

உட்காரும் விதமும் முக்கியம். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை, சுருக்குக் கயிறுபோல் அதை முன்னால் இழுத்து வளைத்துப் பிடித்திருக்கிறது. குந்தி உட்காரும்போது அந்தச் சுருக்கு தளர்ந்து பாதை நேராகிறது. மேற்கத்திய கழிப்பறையில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தால் வளைவு முழுமையாக நிமிர்வதில்லை. எங்கள் வீட்டில் முழங்கால் வலியால் மேற்கத்திய பீங்கானுக்கு மாறவேண்டி வந்தபோது, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் மரப்பலகை ஒன்றைச் செய்து காலடியில் போட்டோம். பாதத்தை அதன் மேல் வைத்து, முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்கும்படி சற்று முன்னால் குனிந்தால் போதும். தச்சருக்குக் கொடுத்த இருநூறு ரூபாயில் என் தந்தையின் பத்து வருட முக்கல் முனகல் தீர்ந்தது. அந்தப் பலகையை விருந்தினர்கள் மணை என்று நினைத்துக் கூடத்துக்கு எடுத்து வந்த கதை தனி.

கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது மூல நோய்க்கு விடும் அழைப்பு.

தினமும் போயே ஆகவேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாம் இயல்புதான். சிரமம் இல்லாமல், இறுகாமல் போகிறதா என்பதைப் பாருங்கள். பழக்கம் திடீரென்று மாறினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, எடை குறைந்தாலோ மருத்துவரிடம் போகவேண்டும். மலமிளக்கி வாங்கப் போகக்கூடாது.

இரண்டாம் படி: சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள்

நாளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். குளிர்சாதன அறையில் இருப்பவருக்கும் தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கொத்துபவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? நம் வெயிலுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் என்பது தொடக்கக் கணக்கு. சரியான அளவைச் சிறுநீரே சொல்லிவிடும். வைக்கோல் நிறத்தில் இளமஞ்சளாக இருந்தால் போதுமானது. கடும் மஞ்சளானால் இன்னும் ஒரு சொம்பு குடியுங்கள். நிறமே இல்லாமல் தண்ணீராகவே போனால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டவருக்குப் பளீர் மஞ்சளாகவும், பீட்ரூட் சாப்பிட்டவருக்குச் சிவப்பாகவும் போவதுண்டு; அதற்கு அஞ்சவேண்டாம். கண் மஞ்சளாகி, சிறுநீரும் தேநீர் நிறத்தில் போனால் அன்றே காட்டவேண்டும். நுரை அடங்காமல் நாள்தோறும் நின்றால் புரதம் கசிகிறதா என்று சோதிக்கவேண்டும்.

ஒரே மூச்சில் இரண்டு மூன்று லிட்டர் குடிப்பது ஆபத்து. சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பதும் கதை. குடித்த சில நிமிடங்களில் அது உடம்பின் சூட்டுக்கே வந்துவிடுகிறது. தொண்டைக்கு இதமாக இருந்தால் குடியுங்கள், அவ்வளவுதான். நீர்மோர், கூழ், நீராகாரம், இளநீர் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

என் அக்கா ஆசிரியை. பள்ளியில் கழிப்பறையின் நிலை அப்படி என்பதால், காலை எட்டு மணிக்குக் குடிக்கும் காப்பிக்குப் பிறகு மாலை ஐந்து மணி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். வருடத்துக்கு இரண்டு முறையாவது சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுப்பார். இந்தப் பத்தியை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெண்களைத் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுறுத்துவதற்கு முன் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறையைக் கொடுக்கவேண்டும். அதுவரை செய்யக்கூடியது: கிளம்பும் முன் ஒரு தம்ளர், மதிய இடைவேளையில் இரண்டு தம்ளர், வீடு திரும்பியதும் மிச்சம், அடக்கி வைப்பதை மட்டும் தவிர்ப்பது.

சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இந்தப் படியை அப்படியே விட்டுவிடுங்கள். உங்களுக்கான அளவை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

மூன்றாம் படி: தட்டில் நார் ஏறட்டும்

நாளுக்கு 30 கிராம் அளவில் நார்ச்சத்து வேண்டும். ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. அவித்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 12 கிராம் இருக்கிறது. கொய்யா நூறு கிராமில் ஐந்து. அதாவது, மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டலும் ஒரு கொய்யாவும் சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதியை மதியத் தட்டில் பொரியல் பார்த்துக்கொள்ளும்: அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைப்பூ, முருங்கைக்கீரை, எது மலிவோ அது. பொரியலைத் தொட்டுக்கொள்வதை விட்டு, சோற்றின் அளவுக்கே வைத்துச் சாப்பிடுங்கள்.

நார் செய்வது மலத்தை இளக்குவது மட்டும் இல்லை. கல்லீரல் கழிவுகளைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. கரையும் நார் அந்தப் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் அதுதான் சாப்பாடு. ஆனால் இன்று படித்துவிட்டு நாளைக்கே மூன்று கிண்ணம் சுண்டல் சாப்பிட்டால் வயிறு ஊதி, வீட்டார் என்னைச் சபிப்பார்கள். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்தே கூட்டுங்கள்.

வாழைத்தண்டு பற்றிக் கேட்பீர்கள். நல்ல காய், நார் நிறைந்தது, தாராளமாகச் சாப்பிடலாம். சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கல் வந்தவர்களுக்கு உறுதியாகப் பயன்படுவது, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர்.

நான்காம் படி: உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. அதைத் தாண்டியது எல்லாம் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்தின் சல்லடையில் உள்ள நுண்குழாய்கள் தேய்கின்றன. ஆனால் சாம்பாரில், ரசத்தில், இட்லி மாவில் போடுவதை யார் எடைபோட்டுப் பார்ப்பது?

அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 20 கிராம் என்றால், ஒரு கிலோ உப்பு 50 நாள் வரவேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் பாக்கெட் 23-ஆம் நாள் தீர்ந்துபோனது. மீன் கழுவ எடுத்ததையும் சோறு வடித்த கஞ்சியோடு போனதையும் கழித்தாலும் வெட்கக்கேடுதான். இத்தனைக்கும் அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கடை மிக்சர் இவையெல்லாம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கல்லுப்பு, இந்துப்பு என்று மாறினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அவற்றிலும் இருப்பது சோடியம் குளோரைடுதான்.

ஐந்தாம் படி: வயிற்றுக்குப் பெருக்க நேரம் கொடுங்கள்

இது பலர் அறியாதது. வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையில் ஓர் அலை கிளம்பி, சிறுகுடலின் கடைசி வரை போகிறது. சாப்பாட்டுத் துணுக்கு, சளி, பாக்டீரியா எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டே போகும் பெருக்குமாறு அது. பசியில் வயிறு கடமுட என்று உருளும் சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஒரு முறுக்கை வாயில் போட்டால் அலை நின்றுவிடும். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவர் வீட்டில் பெருக்குபவர் ஓயாமல் பாதியில் திரும்பிப் போகிறார் என்று பொருள்.

ஆகவே இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே நாலு மணி நேரம் வாய்க்கு ஓய்வு. இரவு ஏழரைக்குச் சாப்பிட்டுக் காலை ஏழரைக்குப் பலகாரம் என்றால் பன்னிரண்டு மணி நேரம் தானாகக் கிடைத்துவிடும். பட்டினி கிடந்தால் செல்கள் தங்கள் பழுதான பாகங்களைத் தாமே தின்றுவிடும் என்ற பேச்சு, 2016-ல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி நோபல் பரிசு பெற்றதிலிருந்து ஊரெங்கும் உலவுகிறது. அவர் அதன் வழிமுறையைக் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில். மனிதர் எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் எவ்வளவு சுத்தமாகும் என்று அவர் அட்டவணை எதுவும் போடவில்லை. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை வைத்து விரதம் இருந்து பார்க்கவேண்டாம்.

ஆறாம் படி: சாப்பிட்டதும் நடங்கள்

இரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல், திசுக்களிலிருந்து வடியும் நிணநீருக்குத் தனிப் பம்பு இல்லை. அதன் குழாய்களின் சுருக்கத்தோடு தசை அசைவும் மூச்சும் சேர்ந்துதான் அதைத் தள்ளவேண்டும். மதியமும் இரவும் சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரையும் தாழும், குடலும் அசையும். வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்ற கணக்கு இதிலேயே ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. வியர்த்தால்தான் நஞ்சு போகும் என்று வெயிலில் சுற்றவேண்டாம். வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர். அது உடம்பைக் குளிரவைக்க வந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். அது எதையும் உறிஞ்சி எடுப்பதில்லை. ஆனாலும் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, மிளகு ரசம் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் சுகத்தை நான் விடுவதாக இல்லை.

ஏழாம் படி: மாலையில் புகை மூட்டாதீர்கள்

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கோடிக்கணக்கான நுண்ணிய மயிர்கள், தூசி ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் கனைத்து விழுங்குவது அதைத்தான். சிகரெட் புகை இந்த மயிர்களை முடக்கிவிடுகிறது; விட்டுவிட்டால் சில மாதங்களில் அவை மீண்டும் வேலைக்கு வருகின்றன.

சிகரெட் தொடாத வீட்டிலும் புகை உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கட்டிலின் கீழே சுருளை வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள். கைக்குழந்தைக்குக் குளித்ததும் சாம்பிராணி போடும் வழக்கத்தையும் நிறுத்திவிடலாம். வாசனை அழகுதான், அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகை புகைதான்.

எட்டாம் படி: கல்லீரலின் மேசையில் குவிக்காதீர்கள்

கல்லீரல் மதுவைத் தனக்கென உள்ள ஒரே வேகத்தில்தான் உடைக்கும். எலுமிச்சைச் சாறோ மோரோ கறுப்புக் காப்பியோ அதை விரட்ட முடியாது. குடிக்காதவர்களுக்கும் கொழுப்புக் கல்லீரல் இன்று சாதாரணமாகிவிட்டது. காரணம் தொப்பையும் சர்க்கரையும். நாளுக்கு நாலு தம்ளர் காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் எட்டுக் கரண்டி. காப்பியிலேயே 30 கிராமுக்கு மேல் ஆகிவிட்டது. அளவு 25-க்குள் இருந்தால் நல்லது. சர்க்கரையை மாதத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு அறியாது. காப்பியை விடவேண்டாம். அளவாகக் காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் நோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. எடை அதிகமுள்ளவர் உடல் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே கல்லீரலில் படிந்த கொழுப்பு இறங்கத் தொடங்கும்.

வலி மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். என் சித்தப்பா லாரி ஓட்டியவர். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஆறு வருடம் போட்டார். கால் வீங்கிய பிறகு பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 3.8, இயல்பைவிடப் பல மடங்கு. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைச் சுருக்கும் தன்மை இந்த வகை மாத்திரைகளுக்கு உண்டு. ஐபுபுரூஃபனும் அதே குடும்பம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டுமென்றால் மருத்துவர் சீட்டு இல்லாமல் போடாதீர்கள்.

ஒன்பதாம் படி: ஏழு மணி நேரம் தூங்குங்கள்

மூளைக்கும் கழிவு வெளியேறும் பாதை ஒன்று இருப்பதை 2012-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு விவரித்தது. தூங்கும் எலிகளில் அது விரிந்து வேலை செய்கிறது என்று மறு ஆண்டே காட்டினார்கள். 2024-ல் வேறொரு குழு எலிகளிலேயே சோதித்து, தூக்கத்தில் அந்த வேலை குறைகிறது என்று மறுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும், தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எகிறுவதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சாறு குடித்தே தீருவேன் என்பவர்களுக்கு

சுரைக்காய்ச் சாறு கசந்தால் துப்பிவிடுங்கள். 2010-ல் தில்லியில் கசந்த சாற்றைக் குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழு, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொன்னது. பாலக்கீரையைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடித்தவர்களுக்கும், புளிச்சக்காய் என்கிற பிலிம்பியைச் சாறாக்கிக் குடித்தவர்களுக்கும் அவற்றிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு படிந்து சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. பொரியலாகவும் கூட்டாகவும் அளவோடு உண்பதைச் சாறாக்கும்போது, நாரைத் தூக்கி எறிந்துவிட்டு, பத்துப் பேர் பங்கை ஒருவர் குடிக்கிறோம்.

எங்கே தொடங்குவது?

ஒன்பதையும் திங்கட்கிழமையே தொடங்கினால் வியாழக்கிழமை எல்லாம் நின்றுவிடும். முதல் வாரம் காலைக்கடனும் தண்ணீரும். அடுத்த இரண்டு வாரம் சுண்டலும் பொரியலும். பிறகு இரவுச் சாப்பாட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள், அதோடு நடையைச் சேருங்கள். கொசுவலையை இன்றே வாங்கிவிடலாம்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், கல்லீரலுக்கான இரத்தச் சோதனை இவற்றைப் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பெரும்பகுதி பழுதாகும் வரை வலிக்காது. அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டு உப்புப் பாக்கெட் இந்த முறை 38 நாள் வந்தது. மிச்சப் பன்னிரண்டு நாளுக்கு யார் பொறுப்பு என்று விசாரித்ததில், எல்லாக் கைகளும் ஊறுகாய் ஜாடியைக் காட்டின.